ஒளியா, செம்பா, யு.எஸ்.பி.யா? வீட்டு ஒலிமாற்றியும் நம் செவிகளும்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டித் திரும்பியவர்களின் இல்லங்கள் பல உண்டு. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில், ஒரு தலைமுறைக்கு முன் ஊர் திரும்பியோர் கொண்டுவந்த பொருள்களுள் வாசனைத் திரவியத்திற்கும் போர்வைக்கும் அடுத்தபடியாக இடம்பெற்றது டேப் ரிக்கார்டரும் ஸ்டீரியோ செட்டும் ஆகும். அவற்றுள் பல இன்றும் கூடத்து அலமாரியில் துணி போர்த்தப்பட்டு வீற்றிருக்கின்றன. அவற்றின் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இன்றைக்கும் பழுதின்றி ஒலிக்கக்கூடியவையே. ஆனால் அவற்றுக்கு அருகில் வந்து அமர்ந்திருக்கும் புதிய மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை! பழைய பெட்டியின் முதுகில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் உண்டு. புதிய பெட்டியின் முதுகிலோ பெரும்பாலும் ஒலி வெளியே செல்ல அத்தகைய துளைகள் இல்லை. சதுரமான சிறு மூடி ஒன்றும், அதனுள் செந்நிற ஒளியும் மட்டுமே காணப்படுகின்றன.

இந்த இரண்டையும் இணைத்து வைக்கும் தரகர்தான் ‘டிஜிட்டல் ஒலிமாற்றி’ என்னும் சிறு பெட்டி. கடைக்காரர்கள் இதை ‘டி.ஏ.சி.’ என்றும் ‘டேக்’ என்றும் சொல்வர். வாங்கச் சென்றால் பல கேள்விகள் எழுகின்றன. ஒளிக்கம்பி நல்லதா, செம்புக்கம்பி நல்லதா, கணிப்பொறியின் யு.எஸ்.பி. வழி நல்லதா? சில நூறு ரூபாய்க்கு விற்கும் கம்பிக்கும் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் கம்பிக்கும் ஒலியில் வேறுபாடு உண்டா? பாலைவன வெயிலில் உழைத்து ஈட்டிய பணம் இத்தகைய கேள்விகளுக்கு விடை தெரியாமல் கரைந்து போவதுண்டு. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

மாற்றி செய்யும் பணி யாது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அதை எண்களாக எழுதி வைப்பதே டிஜிட்டல் பதிவு. சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து வகுத்து, 1982-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 ‘பிட்’ நீளமுள்ள எண்ணாக எழுதப்படுகிறது. இடம், வலம் என இரண்டு தடங்களுக்கும் சேர்த்து விநாடி ஒன்றுக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. இந்த எண்வரிசையைப் பெற்று, மீண்டும் ஏறி இறங்கும் மின்னோட்டமாக மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதே மாற்றியின் பணி.

நம் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கணிப்பொறியிலும் இத்தகைய மாற்றி ஒன்று உள்ளேயே இருக்கத்தான் செய்கிறது. இயர்போன் துளை இல்லாத கைப்பேசிகளுக்கு விற்கப்படும் சிறு வால் போன்ற இணைப்பிகள் பலவற்றின் உள்ளேயும் அரிசி அளவில் ஒரு மாற்றி உறங்குகிறது. தனியாக ஒரு பெட்டி வாங்குவது, இரண்டு சாதனங்களுக்கிடையே பொருத்தமான துளை இல்லாதபோதும், உள்ளே இருக்கும் மாற்றி இரைச்சல் தரும்போதும்தான் தேவையாகிறது. இவ்விரண்டு காரணங்களும் இல்லாத வீட்டில் அப்பெட்டிக்கு வேலையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

மூன்று வாசல்கள்

மாற்றியின் பின்புறத்தில் பெரும்பாலும் மூன்று வாசல்கள் இருக்கும்.

முதலாவது, கோஆக்சியல் எனப்படும் செம்புவழி. நம் வீட்டுக் கேபிள் டி.வி. ஒயரைப் போலவே நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு வலைக்கவசம் கொண்டது. 75 ஓம் தன்மையுடைய கம்பி இதற்கு வேண்டும். இதற்கெனத் தனிக் கம்பி தேடி அலைய வேண்டியதில்லை. பழைய வி.சி.டி. பிளேயருடன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று நிறத்தில் வந்த ஒயர்களில் மஞ்சள் ஒயர் படத்திற்கானது; அதுவும் 75 ஓம் வகையைச் சார்ந்ததே. ஓரிரு மீட்டர் தொலைவுக்கு அதுவே போதும்.

இரண்டாவது, ஒளிவழி. டோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்தியதால் ‘டோஸ்லிங்க்’ எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையினூடே செந்நிற ஒளி அணைந்தும் எரிந்தும் எண்களைச் சுமந்து செல்கிறது. செம்புவழியில் மின்சாரமாகச் செல்லும் அதே செய்திதான் இங்கே ஒளியாகச் செல்கிறது. மொழி ஒன்றே, எழுதும் மை மட்டும் வேறு. இவ்விரண்டுக்கும் பொதுவான அந்த மொழி சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் பெயராலேயே ‘எஸ்.பி.டி.ஐ.எஃப்.’ என வழங்கப்படுகிறது.

மூன்றாவது, யு.எஸ்.பி. வழி. கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் உரியது. 1996-இல் பிறந்த இந்த இணைப்பில் ஒலியை அனுப்புவதற்கான விதிமுறை 1998-இல் வகுக்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2006-இல் வந்தது. இங்கே எண்கள் தொடர்ந்து ஓடாமல் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகின்றன.

இவற்றோடு, புதிய தொலைக்காட்சிகளில் எச்.டி.எம்.ஐ. துளையொன்றின் அருகே ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கக் காணலாம். 2009-இல் வந்த இவ்வசதி, அதே கம்பியின் வழியாக ஒலியைத் திரும்ப வெளியே அனுப்புகிறது. இதற்கும் அதனைப் புரிந்துகொள்ளும் மாற்றி வேண்டும்.

சிமெண்டு மூட்டையும் எண்களும்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வழி மாறினால் ஒலி மாறுமா?

அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்ற மண். சிமெண்டு ஆலைகள் நிறைந்த மண். அரியலூரிலிருந்து சிமெண்டு மூட்டை ரயிலிலும் செல்லும், லாரியிலும் செல்லும். ரயிலில் வந்த மூட்டையால் கட்டிய சுவர் உறுதியாகவும், லாரியில் வந்த மூட்டையால் கட்டிய சுவர் மென்மையாகவும் இருக்கும் என்று எந்தக் கொத்தனாராவது சொல்வாரா? மூட்டை கிழியாமலும் நனையாமலும் வந்து சேர்ந்ததா என்பது ஒன்றே அவருடைய கேள்வி. எண்களின் கதையும் இதுவே. ஒளியில் வந்தாலும் செம்பில் வந்தாலும், புறப்பட்ட எண் அப்படியே வந்து சேர்ந்தால் மாற்றிக்குக் கிடைப்பது ஒரே பொருள்.

‘விலையுயர்ந்த கம்பியில் பாடகரின் குரல் தேன்போல் இனித்தது, தாழ்ந்த கம்பியில் சற்றே மங்கியது’ என்று சொல்வோர் உண்டு. பழைய முறைக் கம்பிகளில், அதாவது மின்னலையே நேரடியாகச் செல்லும் கம்பிகளில், குறை ஏற்பட்டால் அது மங்கலாகவோ இரைச்சலாகவோ வெளிப்படும். ஆனால் எண்களில் குறை ஏற்பட்டால் அது அவ்வளவு நயமாக வெளிப்படாது! 16 பிட் எண்ணில் எந்தப் பிட் தவறும் என்று தவறுக்குத் தெரியாது. முதல் பிட் தவறினால் ‘டப்’ என்ற வெடிப்பு. தொடர்ந்து தவறினால் ஒலி விட்டுவிட்டு வரும் அல்லது முற்றிலும் நின்றுபோகும். குரலை மட்டும் தேடிப்பிடித்து மங்கச் செய்யும் தவறு எண்களின் உலகில் நிகழ்வதில்லை. எனவே வெடிப்பும் தடங்கலும் இன்றி உங்கள் கம்பி ஒலிக்கிறதெனில், அது தன் கடமையைச் செய்துவிட்டது என்றே பொருள்.

நேரம் தவறும் பேருந்து

‘எண்கள் சரியாக வந்தால் போதுமா? நேரத்திற்கு வரவேண்டாமா?’ என்று அறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதைத்தான் ஒலியியலார் ‘ஜிட்டர்’ என்கின்றனர். நேரத் தடுமாற்றம் எனலாம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பத்து நிமிடத்திற்கு ஒரு பேருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பேருந்துகளும் வந்து சேர்கின்றன. ஒரு பயணியும் குறையவில்லை. ஆனால் ஒன்று ஒன்பது நிமிடத்திலும் அடுத்தது பதினொரு நிமிடத்திலும் வருகின்றது. ஒலியில் இவ்வாறு நேர்ந்தால், சரியான எண் தவறான கணத்தில் ஒலியாக மாறும்; அலையின் வடிவம் சிறிது கோணும்.

செம்புவழியிலும் ஒளிவழியிலும் எண்ணோடு கூடவே நேரக்குறிப்பும் ஒரே ஓட்டத்தில் கலந்து வருகிறது. மாற்றி அந்த ஓட்டத்திலிருந்தே கடிகாரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். இம்முறையிலேயே குறை உள்ளதா என்னும் கேள்வியை எழுப்பி இங்கிலாந்தின் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் ஆகிய இருவரும் 1992-இல் ஓர் ஆய்வுரை வழங்கினர். கேள்வி சரியானதே. அக்காலத்து மாற்றிகள் பலவற்றில் நேரத் தடுமாற்றத்தைக் கருவிகளால் அளக்க முடிந்தது. பொதுவாக ஒளிவழியின் ஏற்பிகள் செம்புவழியைவிடச் சற்றுக் கூடுதலாகத் தடுமாறின என்பதும் உண்மை.

ஆனால் கருவி காண்பதையெல்லாம் செவி கேட்குமா? 1998-இல் எரிக் பெஞ்சமின், பெஞ்சமின் கேனன் ஆகியோர் இதை மனிதச் செவிகளைக் கொண்டே ஆராய்ந்தனர். தாங்கள் எதிர்பார்த்ததைவிடத் தடுமாற்றத்தின் பாதிப்பு குறைவே என்றும், இணைப்புக் கம்பியால் ஏற்படும் தடுமாற்றம் அவர்கள் கேட்ட எந்தப் பதிவிலும் செவிக்குப் புலப்படவில்லை என்றும் கண்டனர். 2005-இல் ஜப்பானில் அஷிஹாராவும் உடனிருந்தோரும் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிகளுக்கும் இசையில் தடுமாற்றம் புலப்படப் பல நூறு நானோ விநாடிகள் தேவைப்பட்டன. நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. இன்றைய நல்ல மாற்றிகளில் எஞ்சும் தடுமாற்றமோ ஒரு நானோ விநாடிக்கும் கீழே.

யு.எஸ்.பி. வழியில் இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கும் முறை ஒன்றுண்டு. அதில் கடிகாரம் கணிப்பொறியிடம் இல்லை, மாற்றியிடமே இருக்கிறது. அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு நேரக்காப்பாளர் நிற்கிறார். வரும் பேருந்து முன்னே பின்னே வந்தாலும் நிலையத்தில் நிறுத்திவைத்து, தம் கடிகாரப்படியே அடுத்ததை வெளியே விடுகிறார். கூட்டம் மிகுந்தால் ‘மெல்ல அனுப்பு’ என்றும், குறைந்தால் ‘விரைந்து அனுப்பு’ என்றும் பெரம்பலூருக்குச் சொல்லி அனுப்புகிறார். ‘அசிங்க்ரனஸ்’ என்று பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருப்பது இம்முறையையே குறிக்கும். நல்ல முறைதான். எனினும், மற்ற இரண்டு வழிகளிலும் எஞ்சும் குறை செவிக்கு எட்டாததாகிவிட்டபின், இதற்காக மட்டும் பணத்தை வாரி இறைக்கத் தேவையில்லை.

உண்மையான வேறுபாடு எங்கே?

அப்படியானால் மூன்று வழிகளும் எல்லா வகையிலும் சமமா என்றால், இல்லை. வேறுபாடு எண்களில் இல்லை. எண்களோடு ஒட்டிக்கொண்டு வரும் மின்னிரைச்சலில் உள்ளது.

தொலைக்காட்சி ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில், மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர் ஒருபுறம் என்று இருக்கும்போது, இவற்றின் எர்த் இணைப்புகளுக்கிடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு ஏற்படுவதுண்டு. செம்புக்கம்பி ஒன்று இவற்றை இணைத்தவுடன், அதன் கவசத்தின் வழியே வேண்டாத மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுவதால், ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த முனகல் கேட்கும். கணிப்பொறியை யு.எஸ்.பி. வழியில் இணைக்கும்போது, திரையில் சுட்டியை நகர்த்தினால் ‘கீச்’ என்ற மெல்லிய ஒலி எழுவதும் இதன் உறவினரே.

ஒளியிழையோ பிளாஸ்டிக், அதில் மின்சாரம் பாயாது. முனகல் சுற்று அங்கேயே அறுந்துவிடுகிறது. ஒளிவழியின் தலையாய சிறப்பு இதுவே. மழைக்காலத்து இடி மின்னலின்போது, டிஷ் வழியாகத் தொலைக்காட்சிக்குள் பாயும் மின்தாக்கு ஒளியிழையைத் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லாது என்பதும் ஒரு நன்மை. ஆயினும் மின்சாரப் பிளக் வழியாக அது நுழையக்கூடும். ஆதலால் இடி முழங்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவதே அறிவுடைமை.

இங்கே ஓர் எச்சரிக்கை. முனகலைப் போக்க, மூன்று முனைப் பிளக்கின் பெரிய எர்த் முனையை எடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. முனகல் நிற்கக்கூடும், அதோடு பாதுகாப்பும் போய்விடும். சாதனத்தின் உள்ளே ஒரு கம்பி இற்று உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அதைத் தொடும் குழந்தையின் உடல் வழியாக 230 வோல்ட் பாயும். சில நூறு ரூபாய் ஒளிக்கம்பி தீர்த்துவிடக்கூடிய சிக்கலுக்கு உயிரைப் பணயம் வைக்கலாமா? எர்த் முனையைக் கழற்றாதீர்கள். கழற்றச் சொல்பவர் எவராயினும் கேட்காதீர்கள்.

ஒளிவழிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து ஒலி விட்டுவிட்டு வரும். ஐந்து மீட்டருக்கு மேல் நீட்டுவது நல்லதன்று. முனையில் தூசு படிந்தாலும் தடங்கல் வரும். சிமெண்டுத் தூசு பறக்கும் ஊர்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். கம்பியோடு வரும் சிறு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல், கம்பி பயன்படாதபோது போட்டு வைத்தால் போதும். மாற்றியில் செருகுமுன் மூடியைக் கழற்ற மறந்து, ‘ஒலி வரவில்லை’ என்று கடைக்குத் திரும்புவோரும் உண்டு!

கம்பியில்லா வழி

புளூடூத் வழி மட்டும் இக்கணக்கில் சேராது. அங்கே எண்கள் உண்மையிலேயே மாறுகின்றன. எல்லாப் புளூடூத் ஒலிச் சாதனங்களுக்கும் பொதுவான முறையில், ஒலி சுருக்கப்பட்டு விநாடிக்கு ஏறத்தாழ 3,28,000 பிட்டுகள் வரைதான் அனுப்பப்படுகிறது. குறுந்தகட்டின் 14,11,200 பிட்டுகளோடு ஒப்பிட்டால் இது கால்பங்குக்கும் குறைவு. செவி அதிகம் உணராத பகுதிகளே கழிக்கப்படுகின்றன என்பதால், சொற்பொழிவுக்கும் செய்திக்கும் இது தாராளமாகப் போதும். நுண்ணிய இசையை ஆழ்ந்து கேட்பவர் மட்டும் கம்பி வழியை நாடுவது பொருந்தும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

‘நீங்கள் ஆயிரம் சொன்னாலும் என் செவிக்கு வேறுபாடு கேட்கிறதே!’ என்பவர்களோடு வாதம் செய்ய வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஒரே சாதனத்திலிருந்து ஒளிக்கம்பி ஒன்றும் செம்புக்கம்பி ஒன்றும் ஒரே மாற்றிக்குச் செல்லட்டும். கேட்பவர் முதுகைக் காட்டி அமரட்டும். வீட்டிலுள்ள வேறொருவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒளி, பூ விழுந்தால் செம்பு என மாற்றியில் தேர்ந்து, தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஒலியின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஏனெனில் இம்மியளவு உரக்க ஒலிப்பதையே மனித மனம் ‘தரமானது’ என்று எண்ணிவிடும். வாணிபத்தில் இந்த உண்மை நன்கு பயன்படுத்தப்படுகிறது! பத்து முறை இவ்வாறு செய்து, பிறகு தாள்களை ஒப்பிடுங்கள்.

பத்தில் ஏழு சரியாகச் சொல்லிவிட்டால் வெற்றி எனக் கொள்ளலாகாது. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் ஏழோ அதற்கு மேலோ சரியாக அமைய ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால்தான் கவனிக்கத்தக்கது; தற்செயலாக அப்படி நேர நூற்றில் ஒரு வாய்ப்பே உள்ளது. அமெரிக்காவில் மேயர், மோரன் ஆகிய இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், குறுந்தகட்டின் தரத்தையும் அதனினும் உயர்ந்த தரத்தையும் பலருக்கும் மறைத்துக் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறை விடை சரி. நாணயம் சுண்டினாலும் இதே பாதிதான் கிடைத்திருக்கும். பதிவின் தரத்திலேயே வேறுபாடு காண்பது இத்தனை அரிதெனில், அதைச் சுமக்கும் கம்பியில் காண்பது எளிதாகுமா?

எந்த வீட்டுக்கு எது?

சுருங்கச் சொன்னால் பின்வருமாறு கொள்ளலாம்.

1. புதிய தொலைக்காட்சியைப் பழைய ஸ்டீரியோவுடன் இணைக்க, ஒளிவழி கொண்ட எளிய மாற்றியும் ஒன்றரை மீட்டர் கம்பியும் போதும். மாற்றிக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையே தந்துவிடும்.

2. இணைத்தும் ஒலி வரவில்லையெனில் மாற்றியைக் குறை கூறுமுன் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே டிஜிட்டல் வெளியீடு ‘டோல்பி’ என்றோ ‘பிட்ஸ்ட்ரீம்’ என்றோ இருந்தால், ‘பி.சி.எம்.’ என்று மாற்றுங்கள். எளிய மாற்றிகளுக்குப் புரியும் மொழி அது ஒன்றே.

3. பழைய டி.வி.டி. பிளேயரில் கோஆக்சியல் துளை மட்டும் இருந்தால் மேலே சொன்ன மஞ்சள் ஒயரைப் பயன்படுத்துங்கள். முனகல் இல்லையெனில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

4. கணிப்பொறியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் கேட்போருக்கு யு.எஸ்.பி. வழியே உகந்தது. இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜர் வழியே வரும் மின்னோட்டம், மாற்றி அன்று.

5. கம்பிக்கு என ஒதுக்கும் பணம், மாற்றியின் விலையைத் தாண்ட வேண்டிய தேவை எந்நாளும் இல்லை.

பணம் எங்கே செல்ல வேண்டும்?

ஒலி உண்மையிலேயே கெடும் இடங்கள் வேறு. முதலாவது, ஸ்பீக்கர். மாற்றியில் ஏற்படும் பிழையைவிட ஸ்பீக்கரில் ஏற்படும் பிழை பன்மடங்கு பெரிது. இரண்டாவது, அறை. இன்றைய நம் இல்லங்களில் தரை முழுவதும் டைல்ஸ் அல்லது கிரானைட். சுவரெங்கும் வழவழப்பான பூச்சு. கூடத்தில் கைதட்டினால் ஓசை எதிரொலித்து நீள்கிறதா? அந்த எதிரொலிதான் பேச்சின் தெளிவைக் கெடுக்கிறது. கனத்த திரைச்சீலை ஒன்று, தரையில் ஜமுக்காளம் ஒன்று, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி ஒன்று. இவை செய்யும் நன்மையை எந்தக் கம்பியும் செய்யாது. செவித்திறன் குன்றிய பெரியவர்களுக்குச் செய்தி தெளிவாகக் கேட்கவேண்டுமென்றால் ஒலியைக் கூட்டுவதற்கு முன் எதிரொலியைக் குறையுங்கள்.

மூன்றாவது, பதிவு. நாகூர் இ.எம்.ஹனீபா (1925–2015) அவர்களின் பழைய பாடல்களை இன்று கேட்கிறோம். இசைத்தட்டில் பதிந்து, ஒலிநாடாவுக்கு மாறி, பின்னர் எவரோ சுருக்கி அனுப்பிய கோப்பாக நம் கைப்பேசிக்கு வந்திருக்கும் ஒலியில் இழந்தவை இழந்தவையே. மாற்றியின் வாசலில் எவ்வளவு விலையுயர்ந்த கம்பியைச் செருகினாலும் அவை திரும்பி வருவதில்லை.

இதனால்தான் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறோம். வளைகுடாவுக்குச் சென்ற முதல் தலைமுறையினர் பலர், தொலைபேசி அரிதாயிருந்த அந்நாளில், தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து ஊருக்கு அனுப்பி வைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும், முகம் பார்த்திராத பிள்ளைக்கும் அவை பேசும் கடிதங்களாயின. ஊரிலிருந்தும் அவ்வாறே பதில்கள் சென்றன. அந்தக் குரல்களுக்கு உரியோர் பலர் இன்று நம்மிடையே இல்லை. அத்தாவின் குரல், நன்னிமாவின் அழைப்பு, மறைந்த அண்ணனின் சிரிப்பு ஆகியவை இன்னும் ஏதோ ஓர் இரும்புப் பெட்டியில், வெயிலிலும் ஈரத்திலும் நாளுக்கு நாள் நலிந்துகொண்டிருக்கக்கூடும்.

அவற்றைக் காக்கவும் ஒரு மாற்றிதான் வேண்டும். ஆனால் இது எதிர்த்திசையில், ஒலியை எண்ணாக மாற்றுவது. நல்ல நிலையிலுள்ள டேப் ரிக்கார்டரின் தலைப்பகுதியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, அதன் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து யு.எஸ்.பி. பதிவுப் பெட்டியின் ‘லைன் இன்’ துளைக்கு இணைத்து, கணிப்பொறியில் பதிவு செய்யலாம். ஸ்பீக்கருக்குச் செல்லும் துளையிலிருந்து எடுத்தல் கூடாது. பதிவின் அளவுமானி சிவப்பைத் தொடாமல் சற்றுத் தாழவே இருக்கட்டும். பூஞ்சை படிந்த நாடாவை முதலில் ஓட்டிப் பார்க்காமல், அனுபவமுள்ளவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்தபின் ஓட்டுங்கள். சுருக்காமல் குறுந்தகட்டின் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். சிறிய 64 ஜிகாபைட் நினைவட்டையில் நூறு மணி நேரக் குரலைச் சேமிக்கலாம். ஒரே பிரதியோடு நில்லாமல், இரண்டு வெவ்வேறு இல்லங்களில் இரண்டு பிரதிகள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களே! விலையுயர்ந்த கம்பிக்கு ஒதுக்க நினைத்திருந்த தொகை கையிலிருந்தால் அதை இந்தப் பணிக்குச் செலவிடுங்கள். கம்பியை இன்று வாங்காவிட்டால் அடுத்த ஆண்டும் வாங்கலாம். கடையில் அது காத்திருக்கும். ஒலிநாடாவில் உள்ள குரல் அவ்வாறு காத்திராது. இந்த விடுமுறையில் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பரண்மீதுள்ள பெட்டியைத் திறந்து, எந்த நாடாவில் யாருடைய குரல் என்பதை, அதனை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, எழுதி வையுங்கள்.